இருநூற்று முப்பத்தேழாவது படி

எந்த வரைபடத்திலும் இடம் கிடைக்காத ஐயமிலி நாட்டில், எதையும் நிரூபித்த பிறகே செய்ய வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. முந்தைய ஆட்சியின் பொய்கள் பொறுக்காமல் மக்கள் தெருவில் இறங்கி வாங்கிய சட்டம் அது. அதற்காகவே தலைநகரில் ஒரு கணினியை நிறுவியிருந்தார்கள். நிரூபணத்தை எழுதிக் கொடுத்தால் படிப்படியாகச் சரிபார்க்கும். சரியென்றால் பச்சை விளக்கு, தப்பென்றால் சிவப்பு. எழுதியவர் அமைச்சரின் மைத்துனரா, ஆடு மேய்ப்பவரா என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆர்வமும் கிடையாது. நாட்டில் சிபாரிசு செல்லாத ஒரே இடம் அதுதான் என்பதால் மக்களுக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம்.

நாட்டின் தலைவர் பேரேரியின் நடுவே தனக்குத் தானே ஒரு சிலை எழுப்பியிருந்தார். ஏரித் தண்ணீர் சிலையின் முழங்காலைத் தொட்டால் அழகாக இருக்கும் என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது. அதற்கு நீர்மட்டம் இரண்டு முழம் உயர வேண்டும். ஏரிக்கரையை ஒட்டிக் கீழே அறுநூற்று நாற்பது பேர் வாழும் கீழ்க்கரை என்ற ஊர் இருந்தது. ஆகவே கரை தாங்கும் என்பதை முதலில் நிரூபித்தாக வேண்டும்.

அந்தப் பொறுப்பு செண்பகவடிவு என்ற கணக்காசிரியையிடம் வந்தது. அவருக்குச் சொந்த ஊரே கீழ்க்கரைதான். கரைக்குக் கீழே அவருடைய அடுப்படி இருந்தபடியால் கணக்கில் அவர் கொஞ்சம் கூடுதல் கவனமாகவே இருந்தார்.

ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை அது. நிரூபணத்தை நானூற்றுப் பன்னிரண்டு படிகளாக உடைத்து, யார் வேண்டுமானாலும் ஒரு படியை எடுத்துக்கொள்ளலாம் என்று நாடெங்கும் அறிவித்தார். தையல்காரர் ஒருவர் எடுத்தார். பஸ் நடத்துநர் ஒருவர், ஓய்வில் இருந்த தபால்காரம்மா ஒருவர் என்று முகம் பார்க்காத மனிதர்கள் கூடி வேலை செய்தார்கள். ஒருவரையொருவர் நம்ப வேண்டிய தேவை இல்லை, கணினி இருக்கிறதே. முடிக்க முடியாத படியில் "மன்னிக்கவும்" என்று எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். இதை நான் இன்னும் நிரூபிக்கவில்லை என்று அதற்குப் பொருள். கணினி அந்தப் படியைத் தற்காலிகமாக ஏற்று மஞ்சள் விளக்கைக் காட்டும். மற்றவர்கள் அடுத்த படிகளைத் தொடரலாம். எனக்குத் தெரிந்து அந்த நாட்டில் புழங்கிய சொற்களிலேயே நாணயமானது அதுதான்.

ஆறு மாதத்தில் நானூற்றுப் பதினொரு படிகள் பச்சையாயின. இருநூற்று முப்பத்தேழாவது மட்டும் மஞ்சளிலேயே நின்றது. பழைய மதகின் ஓரம் தண்ணீர் கசியாது என்பது அந்தப் படி. யார் யாரோ முயன்று தோற்றார்கள். மதகைத் திறந்து மூடுகிற மாசாணத்திடம் செண்பகவடிவு விசாரித்தார்.

"எப்படித் தாயி பச்சை எரியும்? அங்கதான் தண்ணி கசியுதுல்லா. நான் தெனமும் அதுலதான கால் கழுவுதேன்."

செண்பகவடிவு இதை நிரூபணத்துறை அமைச்சர் வாகீசரிடம் போய்ச் சொன்னார். அமைச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மையே, நானூற்றுப் பன்னிரண்டில் நானூற்றுப் பதினொன்று! தலைவரே இத்தனை சதவீதம் வாங்கி ஜெயித்ததில்லை. இன்னும் என்ன குறை?"

"கரைக்கு சதவீதம் தெரியாதுங்க ஐயா. ஒரு எடத்துல ஓட்டை இருந்தாப் போதும்."

"ஓட்டை இல்லை அம்மையே, விளக்குதான் கோளாறு. மஞ்சள் நிறம் மக்களுக்குக் காமாலையை நினைவூட்டுகிறது."

மறுநாளே மஞ்சள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பச்சைக் கண்ணாடி மாட்ட உத்தரவாயிற்று. எது முடிந்த படி, எது முடியாத படி என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. அலுவலகங்கள் மட்டும் விஷயத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டன. பாலம் உறுதியானது, மன்னிக்கவும். மருந்து நல்லது, மன்னிக்கவும். எல்லாம் பச்சை. ஆறு மாத வேலை அரை நிமிடத்தில் முடிந்ததால் சுறுசுறுப்புக்கான பரிசுகள் வழங்கப்பட்டன. அந்த மழைக்காலத்தில் மூன்று பாலங்கள் பச்சை விளக்குடன் ஆற்றில் இறங்கின.

கோப்புகளைப் புரட்டிப் பார்த்த அமைச்சரவை அதிர்ந்தது. பாலம் விழுந்ததற்காக இல்லை. அரசாங்கத் தாள்களில் பக்கத்துக்குப் பக்கம் மன்னிப்புக் கேட்டிருந்தது! அரசு எவரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை என்று சொல்லி அந்தச் சொல்லுக்குத் தடை விதித்தார்கள். ஏரியில் வேலை தொடங்குவதற்குள், இருநூற்று முப்பத்தேழு உட்பட அந்தச் சொல் இருந்த படிகள் எல்லாம் சிவப்பாயின. அதற்கு ஈடாக, தலைவர் வாயால் சொன்னவை எல்லாம் நிரூபணம் தேவையில்லாத மூல உண்மைகள் என்று கணினியில் பதிவு செய்தார்கள்.

செண்பகவடிவு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஐயா, காலையில மேலூர்க் கூட்டத்துல ஏரி நிறைஞ்சு வழியுதுன்னார் தலைவர். சாயங்காலம் அண்டை நாடு தண்ணி கேட்டப்போ ஏரியில சொட்டுத் தண்ணி இல்லைன்னார். ரெண்டையும் உண்மைன்னு ஏத்துட்டீங்க. ஒரே ஒரு முரண்பாடு உள்ள வந்தாப் போதும், அதை வச்சு எதை வேணாலும் நிரூபிச்சிரலாம்."

சொன்னதோடு நிற்காமல், தலைவருக்கு மூன்று காதுகள் என்று கணினியில் தட்டிக் காட்டினார். பச்சை எரிந்தது. அமைச்சரின் முகம் வெளுத்தது. பிறகு மெல்ல மெல்ல மலர்ந்தது.

"எதை வேண்டுமானாலுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகே தான் செய்த தப்பு செண்பகவடிவுக்கு உறைத்தது. அவர் படியிறங்குவதற்குள் இருநூற்று முப்பத்தேழு பச்சையாகிவிட்டது. மதகை அடைத்து நீர்மட்டத்தை ஏற்றத் தொடங்கினார்கள்.

அவரும் மாசாணமும் கீழ்க்கரையில் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார்கள். "கம்ப்யூட்டரே பச்சைங்குது, உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று சிலர் எரிந்து விழுந்தார்கள். மாசாணம் வாதாடவில்லை. ஒவ்வொருவரையும் மதகடிக்குக் கூட்டிப்போய் ஈரத்தில் கைவைக்கச் சொன்னார். ஊர், ஆடுகளையும் அண்டாக்களையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறியது.

சிலையின் முழங்காலைத் தண்ணீர் தொட்ட விழாவன்று, பட்டப்பகலில், மேளம் முழங்கிக்கொண்டிருக்கையில், பழைய மதகின் ஓரம் கரை உடைந்தது. ஓர் உயிரும் போகவில்லை. ஒரு வீடும் மிஞ்சவில்லை. தன் வீட்டுக் கூரை மிதந்துபோவதை மேட்டிலிருந்து பார்த்துச் செண்பகவடிவு வாய்விட்டு அழுதார். பக்கத்தில் நின்ற மாசாணத்துக்குத் தேற்றத் தெரியவில்லை. அவரும் அழுதார்.

நிவாரணம் கேட்டுப் போனவர்களை வாகீசர் பரிவோடு வரவேற்றார்.

"கரை உடையாது என்று நிரூபித்திருக்கிறோம். ஆகவே அது உடையவில்லை. உடையாத கரையால் எப்படி ஐயா வெள்ளம் வரும்?"

"அப்ப எங்க ஊரு எங்கய்யா?" என்றார் மாசாணம்.

அமைச்சர் கணினியிடம் கேட்டார். கீழ்க்கரை என்று ஓர் ஊர் ஒருபோதும் இருந்ததில்லை. பச்சை. அந்த நிரூபணத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். இல்லாத ஊருக்கு நிவாரணம் கொடுப்பது முறைகேடாகும் என்பதை அமைச்சர் பொறுமையாக விளக்கிச் சொன்னார்.

அடுத்த ஆண்டு தேர்தல் வந்தது. மேட்டில் ஓலைக் குடிசையில் இருந்தவர்கள் இதற்காகவே காத்திருந்தார்கள். கையில் இருப்பது ஓட்டு ஒன்றுதானே. விடிந்ததும் மாசாணம் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்றார். அதிகாரி பட்டியலில் விரலை ஓட்டினார்.

"கீழ்க்கரை மாசாணமா? உங்க ஓட்டு விழுந்துட்டே. உங்க ஊரு ஓட்டு அத்தனையும் தலைவருக்கு விழுந்துட்டு. நூத்துக்கு நூறு."

"ஊரே இல்லைன்னு சொன்னீய. இல்லாத ஊர்க்காரன் ஓட்டு எப்படிய்யா விழும்?"

அதிகாரி நல்ல மனிதர். மேசையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மாசாணத்தின் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

"ஊரு இல்லைங்கறதுக்கும் பச்சை. ஓட்டு விழுந்துச்சுங்கறதுக்கும் பச்சை. நகருங்க அண்ணாச்சி, பின்னால ஆள் நிக்குல்லா."