சாமை கடித்த கடவாய்

ஈஸ்வரி சாமை மணிகளை நாக்கால் இடப்பக்கம் தள்ளினாள், வலப்பக்கம் தள்ளினாள். எந்தப் பக்கமும் பல் சேரவில்லை. எதிரே மாதையன் மூட்டையோடு நின்றிருந்தார்.

"இன்னா ஈஸ்வரி, காஞ்சிருக்குதா?"

ஜமுனாமரத்தூர் மகளிர் குழுவின் சாமைக் கூடத்தில் ஈரம் பார்க்கும் கருவி ஒன்று உண்டு. அது காட்டும் எண்ணை மலையில் யாரும் நம்புவதில்லை. ஈஸ்வரி நாலு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பாள். 'டக்'கென்று உடைந்தால் கூடத்துக்குள் போகலாம். நசுங்கினால் திரும்பக் களத்துக்கு. பதினோரு வருஷமாக அவள் பல் சொன்னதுதான் தீர்ப்பு. வாசலில் அவளுக்கென்று ஒரு நாற்காலி கிடக்கும். அதில் குழுத்தலைவி முத்தம்மாகூட உட்கார்ந்ததில்லை.

அப்பேர்ப்பட்ட பல்லுக்குத்தான் நேற்று போளூர் போய்க் கம்பி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். காரணம் பொறாமை. அதை மூடி மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

பொறாமையின் பெயர் பூஜா. கூடத்தில் கம்ப்யூட்டரில் பெயர் பதிகிற ஆலங்காயத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்த நாலாம் மாதமே பல்லில் கம்பியோடு வந்து நின்றாள். 'முன்பல்லு வரிசையா அழகாத்தானே கீது, இவளுக்கு எதுக்குக் கம்பி? எல்லாம் மினுக்கு' என்று ஈஸ்வரி அன்றைக்கே கறுவினாள். போதாததற்கு, ஈஸ்வரி சாமை கடிக்கும்போதெல்லாம் பூஜா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். தன் எத்துப்பல்லைத்தான் பார்க்கிறாள் என்று ஈஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் சாமைப் பொட்டலத்துக்குப் படம் எடுக்க வந்தவன் எல்லோரையும் நிற்கவைத்துப் பார்த்தான். "அந்தக் கம்பி போட்ட பொண்ணு சிரிக்கட்டும்" என்றான். பொட்டலத்தில் பூஜா சிரித்தாள். அன்றைக்கு ஈஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

பூஜாவின் மேசையில் கிடந்த சீட்டைப் பார்த்து டாக்டரின் விலாசத்தை மனப்பாடம் செய்தாள். வீட்டில், "தங்கச்சி வூட்டுக்குப் போய்ட்டு வர்றேன்" என்று பஸ் ஏறினாள். சேதி மலைக்கு வந்தால் பூஜாவைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள் என்று சிரிப்பார்களே என்று, பெயர் கேட்டபோது தங்கச்சி பெயரான நதியாவையே சொல்லிவைத்தாள்.

"மேல்பல்லு கீழ்பல்ல முழுசா மூடுதும்மா. அதான் முன்பல்லுக்குப் பின்னாடி ரெண்டு மேடு வெச்சிருக்கேன்" என்றார் டாக்டர் ஜீவானந்தம். "கொஞ்ச மாசத்துக்குக் கடவாய்ப் பல்லு ஒண்ணோட ஒண்ணு சேராது. அப்புறம் அதுவா மெல்ல எழும்பி வந்து சேந்துக்கும்."

கண்ணாடியில் கம்பியை ரசித்துக்கொண்டிருந்தவள் காதில் அது எங்கே ஏறியது!

இப்போது ஏறியது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவும் வழியில்லை. சளி பிடித்திருப்பதாகச் சொல்லி முகக்கவசம் போட்டிருந்தாள். மாதையன் காத்திருந்தார். ஈஸ்வரி நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சொடுக்குச் சொடுக்கினாள். 'டக்!'

"காஞ்சிருக்கு மாமா. உள்ள போடுங்க."

அன்று முழுக்க நாக்கே பல் வேலையைப் பார்த்தது. மூன்றாம் நாள் கூடத்தைத் திறந்த முத்தம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

"ஏ ஈஸ்வரி! நாலு மூட்டை பூசணம் புடிச்சிருக்குது. ஒம் பல்லுக்கு இன்னா ஆச்சு?"

"சளி முத்தம்மாக்கா. காது அடைச்சிருக்கு, சத்தம் சரியா கேக்கல."

இனி வம்பே வேண்டாம் என்று, வருகிற மூட்டைக்கெல்லாம் "ஈரம்" என்றாள். மாதையன் அடுத்த மூட்டையை நாலு தடவை தூக்கிக்கொண்டு வந்தார். நாலாம் தடவை அது பாதி மூட்டையாக இருந்தது.

"நாலு வெயில் காஞ்சிட்டுது. மீதிய குருவி தின்னுட்டுது. இன்னும் ஈரம்னா நான் எங்கம்மா போவேன்?"

அவர் குரல் உடைந்தபோது ஈஸ்வரிக்கே தாங்கவில்லை. மறுநாள் இடுப்பில் பாக்குவெட்டியைச் செருகிக்கொண்டு வந்தாள். மாதையனின் சாமையில் நாலு மணியை வாயில் போடுவதுபோல் பாவனை செய்தாள். முந்தானையை முகத்துக்கு இழுத்து, அதன் மறைவில் மணிகளைப் பாக்குவெட்டியில் வைத்து அழுத்தினாள். மணி தெறித்து மாதையன் நெற்றியில் பட்டது. பாக்குவெட்டி வழுக்கி முகக்கவசத்தின் கயிற்றை அறுத்தது. ஈஸ்வரி பதறிப்போய் "ஐயோ!" என்று வாயைத் திறக்க, காலை வெயிலில் கம்பி பளபளவென்று மின்னியது.

வரிசையில் நின்ற இருபது பேரும் எட்டிப் பார்த்தார்கள். முத்தம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

பூஜா மெதுவாக எழுந்து வந்தாள். "அக்கா, நான் ஒருவாட்டி கடிச்சுப் பாக்கட்டா?"

ஈஸ்வரி பதில் சொல்வதற்குள் நாலு மணி பூஜாவின் கடைவாய்க்குப் போய்விட்டது. 'டக்!' வாசல்வரை கேட்டது.

"நல்லா காஞ்சிருக்குங்க தாத்தா."

முத்தம்மா ஒப்புக்குக் கருவியையும் எடுத்து வைத்துப் பார்த்தாள். அதுவும் அதையே சொன்னது. "இனிமே நீயே உக்காரு பூஜா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். பூஜா நுனியில் உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில் கண்ணீர்கூட வருகிறதே என்று ஈஸ்வரியின் வயிறு எரிந்தது. பொட்டலமும் அவளுக்கு, நாற்காலியும் அவளுக்கு!

அடுத்த பஸ்ஸிலேயே போளூரில் போய் இறங்கினாள்.

"டாக்டர், இத இப்பவே கழட்டுங்க! எனக்குச் சிரிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். எங் கடவாய்ப் பல்லு சேந்தா போதும்!"

டாக்டர் சிரித்தார். "என்னம்மா நதியா, ஒங்க மலைக்காரங்களுக்கெல்லாம் கடவாய்ப் பல்லு மேலயே கண்ணா? ஒன்றரை வருஷம் முன்னாடி அங்கேருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. முன்பல்லு முத்து முத்தா இருக்கு, கடவாய்தான் சேரல. 'எங்க கூடத்துல ஈஸ்வரி அக்கானு ஒருத்தங்க இருக்காங்க, அவங்கள மாதிரி நானும் சாமை கடிக்கணும் டாக்டர்'னு அழுதுதான் கம்பியே போட்டுக்கிச்சு!"