முப்பத்தொரு கிலோ

எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் உடல்தகுதியைச் சோதித்தறியுமாறு மேலிடம் ஆணையிட்டது. ஆணையோடு ஓர் எடை மெஷினும் வந்தது. மரக்காணத்து உப்புக்காற்றுக்குக் கவர்மெண்ட் சாமான் என்றால் தனி ருசி. வராந்தாவில் ஒரு மாதம் கிடந்ததில் முள் துருப்பிடித்து, முப்பத்தொன்றில் நின்றுவிட்டது.

ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ, யார் ஏறினாலும் முப்பத்தொரு கிலோ. யாரும் ஏறாவிட்டாலும் அதேதான். சோதனை அலுவலர் சக்கரபாணி இருபத்தேழு பிள்ளைகளையும் ‘அதீதப் பருமன்’ என்று பதிந்து, மதிய உணவில் முட்டையை நிறுத்தினார்.

பெற்றோர் நாங்கள் கொதித்தோமா? “எம்புள்ள குண்டா இருக்குதுன்னு கவர்மெண்டே சொல்லிடுச்சு” என்று ஸ்டேட்டஸ் வைத்தோம். உப்பளத்தில் வேலை செய்யும் மலர்கொடி மட்டும் சண்டைக்கு வந்தாள்.

“சார், எம்பொண்ணு சத்யப்ரியா பதினஞ்சு கிலோகூட இருக்க மாட்டா. அந்த ஒரு முட்டைதான் சார் அவ ஒடம்புல ஒட்டுது.”

“மெஷின் சொல்லுதும்மா.”

“தெனம் எனக்குக் கஞ்சி எடுத்துக்கினு வரப்பு மேல ஓடி வர்றா சார். ஒரு சொட்டு சிந்தாது.”

“முப்பத்தொரு கிலோ குழந்தை வரப்பில் ஓட இயலாது. ஆகவே, அவள் ஓடவில்லை.”

“மெஷின் கெட்டுப்போச்சு சார். நீங்களே ஏறிப் பாருங்க.”

ஏறினார். முப்பத்தொன்று.

இப்போதாவது புரியும் என்று தலைமையாசிரியை அமராவதி நிமிர்ந்து உட்கார்ந்தார். சக்கரபாணி முள்ளையே பார்த்தார். தொப்பையைத் தடவிக்கொண்டார்.

“எளைச்சுட்டீங்கன்னு வீட்ல சொல்லிக்கினே இருந்தாங்க டீச்சர். நாந்தான் நம்பல.”

அன்றே குறிப்பாணை பிறந்தது: நிறுத்தப்பட்ட முட்டைகள், ஊட்டச்சத்துக் குறைவுற்ற பெரியவர்களுக்கு வழங்கப்படும், மேற்படி மெஷினின் எடையே சான்று. மறுநாள் ஊரே வரிசையில் நின்றது. அமராவதி டீச்சர் ஏறினார். எண்பது கிலோ ஆள் நான், நானும் ஏறினேன். மலர்கொடி வரவில்லை, அது உப்பு வாரும் நேரம்.

சமையல்கூடம் உப்புப் பாத்திகளுக்கு அந்தப் பக்கம். அவித்த முட்டைகளை வழுக்கும் வரப்பு வழியாகத்தான் கொண்டுவர வேண்டும்.

“நாம போனா விழுந்துடுவோம்” என்றார் சக்கரபாணி. “அந்த ஓடி வர்ற பொண்ண அனுப்புங்க.”

சத்யப்ரியா தாம்பாளத்தோடு ஓடி வந்தாள். ஒன்றுகூட உருளவில்லை. ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு, வெறும் தாம்பாளத்தோடு எங்கள் வாயைப் பார்த்து நின்றாள்.

நாங்கள் உரித்தோம். தொட்டுக்கொள்ள உப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமா என்ன?