வியாபாரமே இல்லைங்க!

புலம்பல் முதலாளி என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், போய்ப் பாருங்கள். பெரிய கம்பெனியின் பெயரைப் பலகையில் மாட்டி, அவர்கள் மசாலாவில் கோழியைப் பொரித்து, அவர்கள் அனுப்பும் பெட்டியிலேயே போட்டு விற்று, விற்றதில் நூற்றுக்கு எட்டு ரூபாய் கம்பெனிக்குக் கட்டுகிறேன் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவர். கடையில் நிற்க இடமிருக்காது. ஆனால் அவர் முகமோ இழவு வீடு!

"எப்படிப் போகுதுங்க?" என்று கேட்டுவிடாதீர்கள்.

"எங்கங்க... ஈ ஓட்டிக்கிட்டிருக்கேன்."

அந்தக் கூட்டத்தில் ஈ எப்படி ஐயா உள்ளே நுழையும்?

நான் சொல்லும் முதலாளி வீட்டை அடகு வைத்துக் கடை போட்டவர். அவர் கடையில் கம்பெனியின் பில் மெஷின் தினமும் மாலை ஆறு மணிக்குக் கெட்டுப்போகும். ஒன்பது மணிக்கு வைத்தியம் பார்க்காமலே குணமாகிவிடும். நடுவில் வருகிற பணமெல்லாம் மேஜை டிராயருக்கு. கணக்கு தனி நோட்டுக்கு. கேட்டால், "பலகைதான் அவங்களது, வேர்வை நம்மளது" என்பார்.

"மாட்டினா என்னங்க பண்றது?" என்பாள் மனைவி.

"மாட்டறவன் மடையன்" என்பார் இவர்.

மூன்று வருடம் இப்படியே ஓடியது. மடையனைத் தேடிக் கம்பெனி ஆய்வாளர் வந்தார். பில்லைத் தொடவில்லை மனிதர், பெட்டியை எண்ணினார்.

"போன மாசம் ஆறாயிரம் பெட்டி வாங்கியிருக்கீங்க. பில்லு மூவாயிரத்து ஐந்நூறுதான். மீதி?"

பெட்டி கம்பெனியிலிருந்தே வருகிறது என்பதை இந்த மகாபுத்திசாலி யோசிக்கவேயில்லை!

"எலிங்க... அப்புறம் மழைத் தண்ணி. வர்றவங்களும் ஒண்ணுக்கு ரெண்டா கேக்கறாங்க. நானே நொந்துபோயிருக்கேன் சார், வியாபாரமே இல்லை."

ஆய்வாளர் 'ச்சு' கொட்டிக்கொண்டே அத்தனையையும் எழுதிக்கொண்டார். தப்பித்தோம் என்று இவர் அவருக்கு ஒரு பெட்டி கோழி கொடுத்தனுப்பினார்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. 'தங்கள் கஷ்டம் புரிகிறது. எலியும் நஷ்டமுமான இடத்தில் தங்களை மேலும் வதைக்க மனமில்லை. இம்மாதக் கடைசியோடு கடையை மூடுகிறோம்.'

ஐயோ! கடை போனால் வீடும் போகுமே! தனி நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தலைமை அலுவலகத்துக்கு ஓடினார்.

"சார், பொய் சொல்லிட்டேன்! நல்லா போகுது சார்! கூட்டம் தாங்கல சார்! எலியே கிடையாது சார்!"

தன் வியாபாரத்தைப் பற்றி வாழ்க்கையில் முதல்முறையாக நல்ல வார்த்தை பேசினார் மனிதர். ஆய்வாளர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகக் கூட்டினார்.

"ரொம்ப சந்தோஷம். கடை உங்களுக்குத்தான். மூணு வருஷப் பாக்கியையும் அபராதத்தையும் இந்த வாரமே கட்டிடுங்க."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி வளையல்களைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பாவம், இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்தவை. "அடகுக் கடையிலாவது எடையைச் சரியாச் சொல்லுங்க" என்றாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? கோழி பொரிக்கவில்லை என்ற தைரியமா? சரி, போன மாதம் உங்களுக்குச் சம்பளம் உயர்ந்ததே, வீட்டில் எவ்வளவு என்று சொன்னீர்கள்?