கிளம்பாத ஜீப்

எத்தனை முறை சாவியைத் திருப்பினாலும் ஜீப் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. சுவைலிமுக்கு வியர்த்துக் கொட்டியது.

பாலைவனத்தில் அவன் போட்டிருந்த சுற்றுலாக் கூடாரங்களுக்கு முன்னால், ஜீப்பில் மணல்மேடு சுற்றிப் பார்க்க அம்மான் நகரத்திலிருந்து வந்த ஆறு பேர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் காத்திருந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்திருந்த லுப்னா சொந்தமாகப் பயண நிறுவனம் நடத்துபவள். அவளுக்கு இடம் பிடித்துப்போனால் சீசன் முழுக்க ஆட்களை அனுப்புவாள். பிடிக்காவிட்டால் சுவைலிம் கூடாரங்களைச் சுருட்டிவிட்டு அகபா துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான்.

"என்ன சுவைலிம், கிளம்பலாமா?"

"இதோ மேடம், இன்ஜின் கொஞ்சம் சூடாகட்டும்!"

"காலையிலேருந்து வெயில்லதானே நிக்குது? இன்னும் எவ்வளவு சூடாகணும்?" என்றார் ஃபவ்வாஸ். அந்த ஆறு பேரில் ஒருவர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

சுவைலிம் பின்பக்கம் ஓடி, ஜெனரேட்டரின் பேட்டரியைக் கழற்றினான். மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி மனைவி வத்ஹா குறுக்கே வந்து நின்றாள்.

"தாமர் அப்பா, அதுல கை வைக்காதீங்க. அப்புறம் லைட்டுக்கு எங்க போவீங்க?"

"சும்மா இரு. ரெண்டு நிமிஷ வேலை."

ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒயரை மாற்றிக் கொடுத்ததில் 'பட்'டென்று ஒரு சத்தம், ஒரு புகை. ஜீப்போடு சேர்ந்து ஜெனரேட்டரும் போயிற்று.

"ஃப்ரீசர்ல முழு ஆடு கிடக்கு," என்றாள் வத்ஹா. "சாயங்காலம் நாறிடும். அதையும் சேர்த்துச் சொல்லிட்டேன்."

லுப்னா மூக்கைச் சுளித்தபடி வந்தாள். "என்ன புகை?"

சுவைலிமின் வாய் அவனைக் கேட்காமலே திறந்துகொண்டது. "மேடம், நாங்க ஜீப்பை விட்டுட்டோம்! டயர் ஏறினா செடி சாகுது. செடி செத்தா ஆடும் ஒட்டகமும் எதைத் தின்னும்? இனிமே இங்க ஒட்டகம்தான்."

வத்ஹா அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஜீப் வாங்கிய நாளிலிருந்து அவள் கரடியாய்க் கத்திய வசனம் அது.

ஆனால் ஒட்டகத்துக்கு எங்கே போவது? இருந்த ஒட்டகங்களையெல்லாம் விற்றுத்தானே அவன் ஜீப் வாங்கினான். பாறைக்கு அந்தப் பக்கம் இருந்த ஜுமா மாமாவிடம் ஓடினான்.

"வாடா மாப்பிள்ளை! 'ஜீப்பு தீனி கேக்காது மாமா'ன்னு பீத்திக்கிட்டியே, இப்ப என்ன, பட்டினியில படுத்துருச்சா?" என்று மானத்தை வாங்கிவிட்டுத்தான் மாமா தன் ஒட்டகங்களின் கயிற்றைக் கொடுத்தார்.

ஆட்களை ஏற்றிக்கொண்ட ஒட்டகங்களோ சுவைலிம் காட்டிய மணல்மேட்டுப் பக்கம் திரும்பவே மறுத்தன. இழுத்தான், கெஞ்சினான், திட்டினான். அவை தம் பாட்டுக்குப் பாறை இடுக்கிலிருந்த சுனைக்குப் போய், ஆட்களை இறக்கிவிட்டுப் படுத்துக்கொண்டன. எழுப்பினால் கத்தின.

தொலைந்தோம் என்று சுவைலிம் தலையில் கை வைத்தபோது லுப்னா அவன் தோளைத் தொட்டு மேலே காட்டினாள். வளைந்த கொம்போடு ஒரு மலையாடு, குட்டியோடு, கல் கல்லாகக் கால் வைத்துத் தண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"பத்து வருஷமா இந்தப் பாலைவனத்துக்கு வர்றேன். இப்பத்தான் பார்க்கறேன்," என்று கிசுகிசுத்தாள் லுப்னா.

திரும்பும்போது நடந்தே வந்தார்கள். யாரோ எறிந்துவிட்டுப் போன பாட்டில்களைப் பேசிக்கொண்டே பொறுக்கினார்கள். வத்ஹா அதற்குள் மணலில் குழி வெட்டி, கங்கு போட்டு, ஆடு முழுவதையும் உள்ளே புதைத்திருந்தாள். இருட்டில் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார்கள். லைட் எங்கே என்று யாரோ கேட்க, "நட்சத்திரம் வேணுமா, லைட் வேணுமா?" என்று வத்ஹாவே ஒரு போடு போட்டாள்.

காலையில் லுப்னா சுவைலிமிடம் வந்தாள். "இயற்கையைக் காப்பாத்தறோம்னு எல்லா முகாம்லயும் பேசறாங்க. நீங்க செஞ்சு காட்டிட்டீங்க. சீசன் முழுக்க என் ஆளுங்க இங்கதான்."

சுவைலிமுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜுமா மாமாவின் ஒட்டகங்களுக்கு அங்கேயே வாடகை பேசி முடித்தான். வத்ஹாவைப் பார்த்து, "எல்லாம் நீ சொன்னதுதான்டி," என்று ஊர் கேட்கக் கத்தினான். அவள் குலவையிட்டாள்.

வண்டி ஏறும் முன் டாக்டர் ஃபவ்வாஸ் அவனைத் தனியே இழுத்துப்போய்க் காதோடு சொன்னார்:

"ஜீப்புல ஏறினா என் இடுப்பு தாங்காதுன்னு போற முகாம்ல எல்லாம் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன் தம்பி, ரிப்பேர் பண்ணத் தெரியாத ஆள் நீ ஒருத்தன்தான் கிடைச்சே!"