ஒயர் அக்கா எழுதிய நிர்வாகப் பரீட்சை

கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பதில் ஒயர் அக்காவை மிஞ்ச காஞ்சிபுரத்தில் ஆள் கிடையாது. செவிலிமேட்டில் டவுன் பஸ் ஏறுவார். கோபுரத்தின் மேல் மேகம் நகர்வதைப் பார்த்துக்கொண்டே அலுவலக நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடுவார்.

எங்கள் அரசு அலுவலகத்தின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில், தலைவரைத் தவிர நாங்கள் இரண்டே பேர். குளிர்ந்த சர்வர் அறையில், கத்திரி வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அக்கா உட்கார்ந்திருப்பார். யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே போனார்கள் என்று திரையில் வரி வரியாக ஓடிக்கொண்டிருக்கும். அக்காவின் இமை பாதி மூடியிருக்கும். தூங்குகிறார் என்று நினைக்கும்போது, எழுந்து போய் ஒரு ஒயரைப் பிடுங்குவார். மாடியில் யாரோ கத்துவார்கள். அவர்களுக்கு வந்த மெயிலில் வைரஸ் இருந்தது பிறகுதான் தெரியும்.

பிரிவுத் தலைவர் ஓய்வு பெறப்போகிறார் என்றதும் அடுத்து யார் என்ற பேச்சு கிளம்பியது. அந்த நாற்காலிக்கு நிர்வாகச் சான்றிதழ் வேண்டும். மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குத் தொழில்நுட்பச் சான்றிதழ். அது வேறு பாதை. அதை அக்கா தூக்கத்தில்கூட எழுதிப் பாஸாவார். ஆனால் நிர்வாகத்துக்குப் பெயர் கொடுத்தார்.

"ஏங்க்கா?"

"பழைய மெஷினை மாத்துங்கன்னு எத்தினி வருஷமா சொல்லிக்கினு இருக்கேன். நாற்காலி சொன்னாதான்பா இவங்க காதுல உழுவுது."

பஸ்ஸில் நான் மாதிரிக் கேள்விகளை வாசிப்பேன்.

"வைரஸ் புகுந்துடுச்சு. முதல்ல என்ன செய்யணும்? மேலிடத்துக்குச் சொல்லணுமா, பாதிப்பை மதிப்பிடணுமா, ஒயரைப் பிடுங்கணுமா?"

"ஒயரு."

"தப்புக்கா. மதிப்பிடணும்."

"நீ மதிப்பிட்டுக்கினு இரு. அது எல்லாத்தையும் தின்னுட்டு ஏப்பம் உட்டுடும்."

"சர்வர் ரூம்ல தீ. முதல்ல எதைக் காப்பாத்தணும்?"

"சர்வரை."

"மனுஷங்களைக்கா."

"மனுஷனுக்குக் கால் இருக்குதுபா."

கண்டக்டரே சிரித்துவிட்டார். அக்கா மட்டும் பாலாற்று மணலைப் பார்த்தபடி எங்கோ போய்விட்டார்.

எனக்கு நம்பிக்கையே இல்லை. ஆனால் பாஸாகி வந்தார்.

"எப்படிக்கா?"

"ஒவ்வொரு கேள்விக்கும் நம்ம சார் என்னா பண்ணுவாருன்னு யோசிச்சேன். எதையும் தொடமாட்டாரு. கூட்டம் போடுவாரு. அதையே குறிச்சுட்டு வந்தேன்."

நாற்காலி கிடைத்தது. முதல் கூட்டத்தில் புது மெஷின் கேட்டார். கொள்முதல் பிரிவு அதிகாரி அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. வேப்பமரம் மெல்ல ஆடியது. அக்காவின் அந்த மௌனத்துக்குப் பயந்து, அதிகாரி தானாகவே, "சரிம்மா, இந்த மாசமே பண்ணிடலாம்" என்றார். அக்கா என்ன என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

புது மெஷின்கள் வந்தன. நான் தொழில்நுட்பப் பரீட்சை எழுதிச் சர்வர் அறைக்குப் பொறுப்பானேன். ஒரு மதியம் கதவு திறந்தது. அக்கா வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னக்கா?"

"யாராவது கேட்டா ஆய்வுன்னு சொல்லு. அந்த ரூம்ல எல்லாரும் பேசிக்கினே இருக்காங்கபா."

திரையின் நீல வெளிச்சம் அவர் முகத்தில் ஓடியது. கொஞ்ச நேரத்தில் தலை சுவரில் சாய்ந்தது.

இப்போது தினமும் ஆய்வு நடக்கிறது. நானும் சத்தம் வராமல் டைப் அடிக்கப் பழகிக்கொண்டேன்.