காந்தம் ஒட்டாத கல்லும் மேக்னட் அக்காவும்

ஹைதராபாத்தில், ஏன், தக்காண பீடபூமி முழுவதிலும் காந்தத்துக்கு ஒரே ஒரு பரம விரோதிதான் இருந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மேக்னட் அக்கா. அவர் நடந்து வந்தால் ஃபிரிட்ஜ் கதவு பயந்துபோய்த் தானாகத் திறந்துகொள்ளும் என்று விடுதியில் சொல்வார்கள்.

விடுதி ஹப்சிகுடாவில். அக்கா என் அறைத்தோழி. திருநெல்வேலிக்காரர், விண்கற்களை ஆராயும் மாணவி. அதே சோதனைக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை. நான் திருவண்ணாமலைப் பக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். அந்தப் பெருமை குறையாமல், பட்டச் சான்றிதழைப் புதுக் கைப்பையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து அறைக்குள் நுழைந்தேன்.

"ஏட்டி, நில்லு! பைய மூடாத!"

"இன்னாக்கா, பாம்பா?"

"பாம்புன்னா பரவால்லையே. காந்த பட்டன்! கல்லுக்கு ஆகாதுல்லா!"

கத்தரிக்கோலால் என் கைப்பையின் பட்டனை வெட்டி ஜன்னல் வழியே வீசினார்.

"ரூம்ல கல்லே இல்லியேக்கா?"

"நாளைக்கு இந்தப் பையோடதான லேபுக்கு வருவ?"

அந்த இடத்தில் ஒரு சட்டை பட்டனைத் தைத்துக் கொடுத்த பிறகுதான் என் பெயரையே கேட்டார்.

சோதனைக்கூட வாசலில் அக்காவின் சோதனையைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. ஒருமுறை இயக்குநரே மாட்டிக்கொண்டார். ரத்த அழுத்தம் குறையும் என்று யாரோ விற்ற காந்த மணிமாலை அவர் கழுத்தில் கிடந்தது.

"சார், அதக் கழட்டி வச்சிட்டு உள்ள வாங்க."

"எனக்கு பிபி இருக்கும்மா."

"உங்க பிபிக்கு அஞ்சு வயசு இருக்குமா சார்? உள்ள இருக்குற கல்லுக்கு நானூத்தம்பது கோடி வயசு."

இயக்குநர் மாலையைக் கழற்றிக் காவலாளியிடம் கொடுத்தார். அன்று அவருடைய பிபி எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

கூகட்பள்ளியில் சித்தி வீட்டில் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். கொண்டாப்பூர் ஐ.டி. மாப்பிள்ளை. நல்ல பையன். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டதற்கு, போன நாடுகளிலிருந்தெல்லாம் காந்த பொம்மை வாங்கிவந்து ஃபிரிட்ஜில் ஒட்டுவேன் என்றான். அக்கா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "அந்த வீட்ல எப்படிளா மூச்சு விட?" என்று என்னிடம் கேட்டது மாப்பிள்ளையின் அம்மா காதிலும் விழுந்தது.

இத்தனைக்கும் ஒரு காரணம் இருந்தது. விண்கற்களில் பெரும்பாலானவை உருகாதவை. உள்ளே இரும்புத் துகள் விரவியிருக்கும்; காந்தம் ஒட்டும். சில மட்டும் உருகி இறுகியவை. ஒரு சின்ன உலகம் உள்ளுக்குள் சூடேறி உருகும்போது கனமான இரும்பு அடியில் இறங்கிவிடும், கல் மேலே மிதக்கும். அப்படி மேலே வந்து உறைந்த குழம்பின் துண்டில் காந்தம் ஒட்டுவதில்லை. ஆனாலும் துளி இரும்பு மிச்சமிருக்கும். குழம்பு ஆறிய நாளில் அந்த உலகத்துக்குக் காந்தப்புலம் இருந்ததா என்ற நினைவு அந்தத் துளியில்தான் பதிந்திருக்கிறது. ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் வைத்தால் அவ்வளவுதான், நினைவு அழிந்துவிடும்.

உருகிய கற்களைப் பற்றி அக்கா சொந்தக்காரர்களைப் போலப் பேசுவார். இது சந்திரன் வீட்டுக் கல், அது செவ்வாய் வீடு, இதோ இது வெஸ்டா வீடு என்பார். வெஸ்டா ஒரு சிறுகோள். பெற்ற உலகமே உடைந்து சிதறிப்போன கற்களும் உண்டு. அவற்றைச் சொல்லும்போது மட்டும் "இதெல்லாம் தாயில்லாப் புள்ளைய" என்று குரலைத் தாழ்த்துவார்.

அவருடைய ஆய்வுக்கு வேண்டியது ஒரே ஒரு கல். உருகிப் பிறந்த கல், காந்தம் படாத கல். அதற்காக நான்கு வருடங்கள் காத்திருந்தார். ஆய்வை முடிக்க இன்னும் ஒரு வருடம்தான் அவகாசம். ஆனால் ஊரில் யார் கையில் கறுப்புக் கல் கிடைத்தாலும் முதலில் காந்தத்தை வைத்துப் பார்க்கிறார்கள். ஒட்டினால் எங்களிடம் ஓடி வருவார்கள், ஒட்டாவிட்டால் சாலையில் எறிந்துவிடுவார்கள். "எறியுற கல்லுதான்ட்டி எனக்கு வேணும்" என்று அக்கா புலம்புவார்.

அப்போதுதான் ராஜரத்தினம் வந்தார். மெட்டுகூடாவில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். ரயில்வே பட்டறையில் இரும்பு உருக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கையிலிருந்த துண்டு மூட்டையைப் பிரித்தார். அரைத் தேங்காய் அளவு கல். மேலே வார்னிஷ் அடித்ததைப் போல மினுமினுக்கும் கறுப்பு, உடைந்த மூலையில் சிமென்ட் சாம்பல் நிறம்.

அக்கா குனிந்து அதை எல்லாப் பக்கமும் பார்த்தார். "ஏளா, வெஸ்டா வீட்டுப் புள்ள மாதிரி இருக்குட்டி" என்று என் காதில் சொன்னார். பிறகு மெதுவாக, "அண்ணாச்சி, இதுல காந்தம் எதுவும்..." என்று இழுத்தார்.

"ஹவ் மேடம், ஆமா, அதத்தான் சொல்ல வந்தேன். வெச்சோம். ஒட்டல."

"யாரு வச்சா?"

"மொதல்ல நான். பெரிய ஸ்பீக்கர் காந்தம். அப்புறம் எம் பொண்ணக் கட்டுன மாப்பிள்ள. அப்புறம் தெருப் பசங்க. வர்றவங்களுக்கெல்லாம் காட்டணும்ல? தெனம் வெச்சுப் பாப்போம்."

ஒவ்வொரு பெயருக்கும் அக்கா நாற்காலியில் ஒரு அங்குலம் இறங்கினார். மேசை மேலிருந்த கண்ணாடிக் குடுவைகளை நான் மெல்ல நகர்த்தி வைத்தேன். இயக்குநரையே கழற்ற வைத்தவர், இந்த மனிதரை என்ன செய்யப்போகிறாரோ?

"ஒட்டலன்னு தெரிஞ்சும் ஏன் கொண்டுவந்திய?"

"மாப்பிள்ள சிரிக்கிறான் மேடம். மாமா ரோட்டுக் கல்ல வெச்சிக்கிட்டு வானத்துக் கல்லுன்றாரு, கெழவனுக்கு மூள கலங்கிடுச்சுன்றான். மத்தியானம் டமார்னு சத்தம் கேட்டவன் நான். கொல்லையில முருங்க மரத்தடியில குழியப் பாத்தவன் நான். இப்ப எனக்கே சந்தேகம் வந்திடுச்சு மேடம். நெஜமாவே நான் கேட்டேனா?"

அக்கா கல்லை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சோதித்தோம். சந்தேகமே இல்லை, வெஸ்டாவின் எரிமலைக் குழம்பு. காந்தப் பதிவை அளக்கும் கருவியிலும் வைத்தோம். எந்த மூலையை வெட்டி வைத்தாலும் அதில் பதிந்திருந்தது மெட்டுகூடா ஸ்பீக்கரின் காந்தம் மட்டும்தான். அக்கா கருவியை அணைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுக்குப் போறோம்" என்றார்.

"திட்டவாக்கா?"

"வாளா பேசாம."

ராஜரத்தினத்தின் வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. மாப்பிள்ளைதான் ஆரம்பித்தார். "கைக்கு மேடம், எதுக்கு உங்களுக்கு இந்த அலைச்சல்? காந்தமே ஒட்டாத கல்லு எப்படி வானத்துக் கல்லு?" ஒட்டவே இல்லை என்று ஒரு சிறுமி தெலுங்கில் சாட்சி சொன்னாள்.

"ஒட்டாததாலதான் இது அபூர்வம்" என்றார் அக்கா. "செவ்வாய்க்கு அங்கிட்டு வெஸ்டான்னு ஒரு குட்டி உலகம். அது உருகினப்போ இரும்பு கீழ போயிட்டு, கல்லு மேல நின்னுட்டு. அங்கேருந்து பிச்சிக்கிட்டு வந்த துண்டு இது. அண்ணாச்சி கேட்ட சத்தம் நெசம்."

ராஜரத்தினத்தின் முகம் மலர்ந்தது. "பட்டறையில பாத்திருக்கேன் மேடம்! இரும்பு அடியில நிக்கும், கசடு மேல மிதக்கும்..." சட்டென்று முகம் சுருங்கியது. "அப்போ என் கல்லு கசடா?"

"அண்ணாச்சி, நாம நிக்கிற தரையும் அந்தக் கசடுதான். இமயமலையே கசடுதான்."

தெரு சிரித்தது. மாப்பிள்ளை மட்டும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜரத்தினம் கல்லை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, "வெஸ்டாடா, பாத்துப் புடி" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"ஒரே ஒரு சந்தேகம் மேடம். தெனம் காந்தம் வெச்சு வெச்சுப் பாத்தோமே. கல்லுக்கு ஏதும் கெடுதல் வந்திருக்குமா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒரு கெடுதலும் இல்ல அண்ணாச்சி" என்றார் அக்கா. "இன்னும் நல்லா வச்சுப் பாருங்க."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர், தார்நாகா வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஹப்சிகுடா வந்தது. எழுப்ப மனம் வராமல், அதையும் தாண்டி உப்பல் வரைக்கும் டிக்கெட் எடுத்தேன்.