அபிப்பிராயம் அண்ணாச்சியின் அரிசிச் சித்தாந்தம்

இந்த உலகம் இப்படிக் கெட்டுக் கிடப்பதற்கு ஒரே காரணம், எந்தக் காரியத்தையும் தொடங்குவதற்கு முன்னால் யாரும் குற்றாலத்துக்கு வந்து அபிப்பிராயம் அண்ணாச்சியை ஒரு வார்த்தை கேட்காததுதான். இது என் கண்டுபிடிப்பு இல்லை. அண்ணாச்சியே சொன்னது. அதுவும் ஒரு தடவை சொல்லவில்லை. என் தலையில் நல்லெண்ணெயை ஊற்றும்போதெல்லாம் சொன்னார்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பேரருவிக்குப் பக்கத்துப் பாறையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். "என் அபிப்பிராயம் என்னன்னா..." என்று தொடங்காமல் ஒரு தலையிலும் அவர் கை வைத்தது கிடையாது. அதனால் அந்தப் பேர். சொந்த ஊர் இலத்தூர். சாரல் மாதங்கள் முழுக்கக் குற்றாலம். மற்ற நாட்களில் புதன், சனி பார்த்துத் தென்காசிக்கு வந்து வீடு வீடாகத் தேய்ப்பார். நான் அப்போது தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். கல்யாணம் ஆகாத ஆள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போய்விடுவேன்.

மற்றவர்கள் அபிப்பிராயம் சொன்னால் எழுந்து போய்விடலாம். இவரிடம் அது நடக்காது. நீங்கள் கோமணத்தோடு பாறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கண்ணெல்லாம் எண்ணெய். கழுத்து அவர் கையில் இருக்கிறது. இந்த நிலையில் ஜமீன்தார் என்ன, டாக்டர் என்ன, யாராக இருந்தாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. உட்காரும் ஆளிடம் முதல் கேள்வி, "பேப்பர்ல என்ன விசேசம்?" என்பதுதான். அந்த ஆள் சொன்ன செய்திக்கு, அந்த ஆளின் தலையிலேயே அண்ணாச்சியின் அபிப்பிராயம் தயாராகிவிடும். தலைக்குத் தேய்க்கும்போது ராஜாங்க விஷயம். முதுகுக்கு வந்தால் அரிசி பருப்பு விலை. காலுக்கு இறங்கினால் குடும்பம். மாமியாரோடு உங்களுக்கு மனஸ்தாபம் என்றால், முழங்காலுக்குக் கீழே வரும்போது தீர்ப்புக் கிடைத்துவிடும்.

சீமையில் ராஜா ஒருவர் ஒரு பெண்ணுக்காகப் பட்டத்தை விட்டுவிட்டார் என்று ஒரு சமயம் பேப்பரெல்லாம் அல்லோலகல்லோலப்பட்டது. நான்தான் அந்தச் செய்தியை அவருக்குச் சொன்னேன். சிறிது நேரம் என் உச்சந்தலையைத் தட்டிக்கொண்டே யோசித்தார்.

"என் அபிப்பிராயம் என்னன்னா, விட்டது தப்பில்ல. ஆனா சூட்டோட சூடா விட்டாம் பாருங்க, அதாம் தப்பு. இங்கன வந்து ஒரு பத்து நாளு அருவியில தலையக் காட்டியிருக்கணும். அப்பறமும் அந்தப் பிள்ளைதான் வேணும்னு தோணிச்சின்னா, தாராளமா கெட்டிக்கிடட்டும்."

எல்லாமே சூடுதான் அவருக்கு. வெள்ளைக்காரன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில்லை. சூடு தலைக்கு ஏறுகிறது. அதனால்தான் ஜெர்மன்காரனும் இங்கிலீஷ்காரனும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டு பேரையும் ஒரு ஆடி மாதம் பாறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் யுத்தமே வந்திருக்காது. தென்காசிக்குப் பேசும் படம் வந்தபோது அதையும் பார்த்துவிட்டு வந்து, "பேசாம இருந்த மட்டும் படத்துக்கு ஒரு மருவாதி இருந்துச்சி. இப்பம் ஓயாம பேசுதாவ. மனுசனுக்கு ஒரு அளவு வேண்டாமா?" என்றார். இதைச் சொன்னவர் யார் என்பதை வாசகர்கள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு விசித்திரம் உண்டு. ஆமாம் போடுகிறவர்களை அவருக்குக் கட்டோடு பிடிக்காது. "ஆமா அண்ணாச்சி, வாஸ்தவம் அண்ணாச்சி" என்பவர்களுக்கு ஏனோதானோவென்று தடவி அருவிக்கு அனுப்பிவிடுவார். எதிர்த்துப் பேசினால்தான் முழுத் தேய்ப்பு. எலும்பு எலும்பாகச் சொடக்கு எடுத்து, வாதத்தோடு வாயுவையும் வெளியே தள்ளிவிட்டுத்தான் விடுவார். விஷயம் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே மறுத்துப் பேசுவார்கள்.

அதில் கைதேர்ந்தவர் திருநெல்வேலியிலிருந்து வருஷந்தோறும் சாரலுக்கு வரும் ஒரு ரிட்டையர்டு முன்சீப். கனத்த சரீரம். "உமக்கு என்ன வே தெரியும்?" என்று அவர் ஆரம்பித்தால் அருவிச் சத்தமே அடங்கின மாதிரி இருக்கும். இரண்டு பேரும் போடுகிற சண்டையைக் கேட்பதற்காகவே ஈர வேட்டியோடு ஒரு கூட்டம் நிற்கும். வாழ்நாள் முழுவதும் தீர்ப்புச் சொன்னவர் ஒருவர், தீர்ப்புச் சொல்ல நாற்காலி மட்டும் வாய்க்காதவர் ஒருவர். இருவரில் ஒருவரும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

இத்தனை அபிப்பிராயம் சொன்னாரே, அதன்படி யாராவது நடந்தார்களா என்றால், ஒரே ஒரு ஆள் நடந்தான். அவர் மகன் செல்லத்துரை.

பெண்டாட்டி போன பிறகு அவருக்கு இருந்தது அந்த ஒரு பிள்ளைதான். தென்காசியில் ஒரு காப்பி கிளப்பில் சமையல் வேலை பார்த்தான். தகப்பனாருக்கு நேர்மாறு, பேச்சே கிடையாது. பட்டாளத்துச் சமையலுக்கு ஆள் எடுக்க வந்தபோது, போகலாமா என்று தகப்பனாரைக் கேட்டிருக்கிறான். அவரும் தயங்காமல் சொல்லியிருக்கிறார்: "தாராளமாப் போலே. சமையக்காரனை யாரு சுடப் போறா? ரெண்டு கட்சிக்கும் பசிக்கும்லா?"

அவன் கப்பலேறி மலேயாவுக்குப் போனான். கொஞ்ச நாளில் ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்துவிட்டான். அதற்குப் பிறகு செல்லத்துரையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கீழப்பாவூரில் ஒரு வீட்டில் இதே போலத் தகவல் இல்லாமல் இருந்து, கடைசியில் பையன் போய்விட்டான் என்று செய்தி வந்துவிட்டது. அண்ணாச்சி அந்தத் துட்டிக்கும் போய், துக்கம் கேட்டுவிட்டு வந்தார்.

அந்த வருஷத்துச் சாரலில் அவரிடம் ஒரு புதுச் சித்தாந்தம் இருந்தது. "என் அபிப்பிராயம் என்னன்னா, ஜப்பான்காரன் நம்மள மாதிரி சோறு திங்கவன். ரொட்டி திங்கவனுக்குத்தான் சூடு. சோறு திங்கவன் இன்னொரு சோறு திங்கவனை ஒண்ணும் செய்ய மாட்டாம். அதுலயும் இவன் சமையக்காரன். நல்லா வச்சிருப்பாம்."

கேட்டவர்கள் எல்லாரும் "ஆமா அண்ணாச்சி" என்றார்கள். வேறு என்ன சொல்வது? மகனைப் பற்றித் தகவல் இல்லாத மனிதரிடம் வாதம் செய்ய யாருக்கு வாய் வரும்? நானும் ஆமாம் என்றேன். முன்சீப் வந்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி அவர் தலையில் எண்ணெயை வைத்து, அரிசிச் சித்தாந்தத்தை விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். முன்சீப் தொண்டையைக் கனைத்தார்.

"நீரு சொல்லுததுலயும் நியாயம் இருக்கு வே" என்றார்.

அண்ணாச்சியின் கை நின்றுவிட்டது. பிறகு ஒரு வார்த்தை பேசாமல் தேய்த்து முடித்தார். அன்றோடு அவர் பேச்சு குறைந்தது. பேப்பரில் என்ன விசேஷம் என்றுகூடக் கேட்பதில்லை. உட்கார்ந்தால் தேய்ப்பார், எழுந்தால் அடுத்த ஆள். அபிப்பிராயம் இல்லாமல் அருவிக்கரையே எனக்கு அந்நியமாகத் தெரிந்தது. மகன் கவலை அவரை அமுக்கிவிட்டது என்று நாங்கள் இன்னும் கொஞ்சம் இதமாகப் பேசினோம். அதாவது, வியாதியையே மருந்தாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இல்லை. சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. என் முதுகுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, நீங்க பேப்பர் படிக்கவிய. எங்கிட்ட மறைக்காம சொல்லணும். செல்லத்துரை செத்துட்டானா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன அண்ணாச்சி, யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அதாம் கேக்கேன். நான் என்ன சொன்னாலும் எல்லாரும் ஆமா ஆமாங்காவ. முன்சீப் ஐயாகூட நியாயம் இருக்குன்னுட்டாவ. துட்டி வீட்டுலதான் தம்பி யாரும் எதுத்துப் பேச மாட்டாவ. பேப்பர்ல பேரு வந்துட்டுதோ, எல்லாருக்கும் தெரிஞ்சி எனக்கு மட்டும் சொல்லாம இருக்கியளோன்னு ராவெல்லாம் உறக்கம் இல்ல. போலேன்னு சொன்னவன் நானில்லா?"

எண்ணெய் வழிகிற முகத்தோடு நான் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய ஆகிருதி, மழையில் நனைந்துகொண்டு என் பதிலுக்காக நின்றது. நாங்கள் அன்பாக நடந்துகொள்வதாக நினைத்து, அந்த மனிதரைத் தினந்தோறும் துட்டி வீட்டில் உட்கார்த்தி வைத்திருந்திருக்கிறோம். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளையாக, அதற்குள் புத்தி வந்துவிட்டது.

"பேப்பர்ல ஒரு பேரும் வரல. ஒரு தகவலும் கிடையாது, சத்தியம். ஆனா அண்ணாச்சி, உங்க அரிசி சித்தாந்தம் இருக்கே, அது சுத்த அசட்டுத்தனம்" என்றேன்.

"என்னது?"

"சோறு திங்கவன் சண்டை போட மாட்டானோ? போன வாரம் சுரண்டை சந்தையில வெட்டுக்குத்து நடந்துச்சே, அவனெல்லாம் என்ன ரொட்டியா தின்னான்? நம்ம வக்கீலையா கிட்ட வருத கேஸ் பூராவும் சோறு தின்னவன் கேஸ்தான்!"

 என் முதுகில் பளீரென்று ஒரு அறை விழுந்தது.

"அது வேற! சுரண்டைக்காரன் தின்னது பழைய அரிசியா, புது அரிசியா? விசாரிச்சியளா? விசாரிக்காம குமாஸ்தா வேல பாக்க வந்துட்டிய!"

அன்றைக்கு எனக்குக் கிடைத்தது முழுத் தேய்ப்பு. வலி ஒரு வாரம் போகவில்லை. குளித்த கையோடு முன்சீப் தங்கியிருந்த பங்களாவுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.  மறுநாள் காலையில் பாறையில் வந்து உட்கார்ந்ததும், "சூடாம், சோறாம்! உமக்கு என்ன வே தெரியும்?" என்று அவர் கர்ஜித்தது ஐந்தருவி வரைக்கும் கேட்டிருக்கும் என்று சொல்கிறார்கள். எங்களில் சிலர் முறை போட்டுக்கொண்டு அண்ணாச்சியை எதிர்த்தோம். யுத்தம் முடிகிற வரையில் அந்தச் சித்தாந்தத்தை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவரும் எங்களை விடவில்லை. கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கச் சர்க்கார் உத்தரவு போட்டபோது, "சரி, மாட்டுக்கு யாரு போயிச் சொல்லுதது?" என்று அவர் கேட்டதற்கு முன்சீப்பிடம் பதில் இல்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

யுத்தம் முடிந்தது. ஐப்பசியில் ஒரு நாள் செல்லத்துரை தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு நல்ல வெயில். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். சாரல் முடிந்திருந்தும் மகனைக் குற்றாலத்துக்கே கூட்டிவந்து, பாறையில் உட்கார்த்தி வைத்து அண்ணாச்சி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பையன் உடம்பில் சதை என்று ஒன்று இல்லை. எலும்பைத் தோல் மூடியிருந்தது. முதுகில் ஏதேதோ தழும்புகள்.

"அங்கன சோறு போட்டானாலே?" என்று அவர் கேட்டார்.

"போட்டாம்பா" என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

விலாவில் ஒவ்வொரு எலும்பாக அவர் விரல் போய் வந்துகொண்டிருந்தது. அந்த விரல்களிடம் யாரும் பொய் சொல்ல முடியாது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, நான் சொன்னது தப்பு. நீங்க சொன்னதுதான் சரி."

அதை என்னால் தாங்க முடியவில்லை. "அதெப்படி? ஆளு வந்து உக்காந்திருக்காம்லா? நீங்க சொன்னதுதான் அண்ணாச்சி சரி" என்றேன்.

"இத்தன நாளா எதுத்துட்டு இப்பம் என்ன ஆமாம் போடுதிய? தப்புங்கேன்."

"தப்பில்லங்கேன்."

"பிள்ள உடம்பப் பாத்தும் இப்படிப் பேசுதியளே, உங்களுக்கு என்ன கிறுக்கா?" என்று அவர் குரலை உயர்த்த, நானும் விடாமல் உயர்த்த, சண்டை பழையபடி சூடு பிடித்துவிட்டது. அப்போதுதான் கவனித்தோம். உட்கார்ந்த நிலையிலேயே, தகப்பனாரின் முழங்காலில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு செல்லத்துரை தூங்கிப்போயிருந்தான். அண்ணாச்சி சட்டென்று உதட்டில் விரலை வைத்தார். துண்டை எடுத்து அவன் முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டார். ஆனால் வாதத்தை விட மனசு வரவில்லை. என்னைக் கிட்டே வரச்சொல்லி, என் காதோரமாகக் குனிந்து, "என் அபிப்பிராயம் என்னன்னா..." என்று ஆரம்பித்தார்.

நான் அவர் காதில் மறுத்தேன். அவர் என் காதில் மறுத்தார். வெகு நேரம் இரண்டு பேரும் ரகசியக் குரலில் அடித்துக்கொண்டோம். அவரோடு நான் போட்ட சண்டைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.